உடம்பு எப்படி இருக்கிறது?

மருத்துவ ஆய்வுகளில் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிட எளிதான ஒன்று இல்லை. "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று சொல்வீர்கள்?" பதிலுக்கு ஐந்து தெரிவுகள்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, எக்ஸ்ரே வேண்டியதில்லை. கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ள அரை நிமிடம் போதும். இந்தப் பதிலைத்தான் ஆய்வாளர்கள் சுயமதிப்பீட்டு உடல்நலம் என்கிறார்கள். முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு இதை அறிவியல் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. பரிசோதனைக் கருவிகள் சொல்லாத எதை ஒருவருடைய சொந்த அபிப்பிராயம் சொல்லிவிடப் போகிறது?

1971இல் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், 65 வயதை எட்டிய 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஏறக்குறைய இதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்களுக்கு என்னென்ன நோய்கள் இருந்தன என்பது அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவேடுகளில் தனியாக இருந்தது. ஜானா மோசி, ஈவ்லின் ஷபிரோ என்ற இரு ஆய்வாளர்கள் அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் யார் இறந்தார்கள் என்று பார்த்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். 'மிகச் சிறப்பு' என்றவர்களைவிட 'மோசம்' என்றவர்கள் இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. பதிவேட்டில் இருந்த நோய்கள், வயது, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. வயதைத் தவிர வேறெதுவும் இந்த ஒரு பதில் அளவுக்கு மரணத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. 1997இல் எல்லன் ஐட்லரும் யாயெல் பென்யமினியும் பல நாடுகளில் நடந்த இத்தகைய 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை இதையே சொல்லின.

காரணம் புதிரானது இல்லை. மருத்துவரின் கோப்பில் ஏறாத பல செய்திகள் அந்த மனிதரிடம் இருக்கின்றன. போன வருடம் சாதாரணமாக ஏறிய மேட்டில் இந்த வருடம் மூச்சு வாங்குகிறது. தூக்கம் பாதியில் கலைகிறது. அப்பாவும் சித்தப்பாவும் எந்த வயதில், எதனால் போனார்கள் என்பது தெரியும். உடலுக்குள் மெல்லிய அழற்சி இருந்தால், நோய்க்கு இன்னும் பெயர் வைக்கப்படாத நிலையிலேயே அது அசதியாகவும் மந்தமாகவும் உணரப்படுகிறது. இவற்றோடு கையில் எவ்வளவு காசு இருக்கிறது, ஆத்திர அவசரத்துக்கு யார் வருவார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒருவர் வாயிலிருந்து 'சுமார்' என்ற சொல் வருகிறது. உடலும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் நின்று சொல்லப்படும் பதில் இது.

அதனாலேயே இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பொருளியலாளர் அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டியது. இந்தியாவிலேயே ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வோர் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு. படித்தவர்களுக்கு, மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர்களுக்கு, எது நோய் என்று தெரிகிறது. சுற்றிலும் எல்லோரும் இருமிக்கொண்டிருக்கும் ஊரில் இருமல் நோயாகவே தெரிவதில்லை. ஆகவே இருவேறு சமூகங்களின் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவர்கள் நலம், அவர்கள் நலமில்லை என்று தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது. ஒரே சமூகத்துக்குள் யார் 'மிக நன்று' என்கிறார்கள், யார் 'மோசம்' என்கிறார்கள், அவர்களுக்கிடையே என்ன வேறுபாடு என்று தேடும்போதுதான் இந்தக் கேள்வி தன் பலனைத் தருகிறது.

அப்படித் தேடப்பட்ட சமூகங்களில் ஒன்று கனடாவின் இனுயிட் மக்கள். 2021 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் தாயகமான இனுயிட் நுனங்காட்டில் வாழ்கிறார்கள். மேற்கே இனுவியாலுயிட், நடுவே நுனாவுட், கியூபெக்கின் வடக்கில் நுனாவிக், லாப்ரடார் கரையில் நுனாட்சியாவுட் என்று நான்கு பகுதிகள், 51 ஊர்கள். அநேகமாக எந்த ஊருக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், அவ்வளவுதான். நுனாவுட்டின் 25 ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மருத்துவமனை, தலைநகர் இக்கலுயிட்டில். மற்ற ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையங்கள். இனுயிட் மக்களின் ஆயுள் எதிர்பார்ப்பு கனடாவின் மற்றவர்களைவிடச் சுமார் 10 ஆண்டுகள் குறைவு. அவர்களின் சராசரி வயது 30ஐக்கூட எட்டவில்லை. இவ்வளவு இளமையான மக்கள்தொகையில் 'மிகச் சிறப்பு', 'மிக நன்று' என்ற பதில்கள் குவிய வேண்டும். ஆனால் நாட்டின் மற்ற மக்களைவிட அங்கே அப்படிச் சொல்வோர் குறைவு.

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கனடாக் கடலோரக் காவல்படையின் அமுண்ட்சென் என்ற பனியுடைப்புக் கப்பல் 2004இல் நுனாவிக்கின் 14 ஊர்களுக்கும், 2007, 2008 ஆண்டுகளில் மற்ற மூன்று பகுதிகளின் கரையோர ஊர்களுக்கும் சென்றது. கப்பல் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். ஆய்வில் பங்கேற்க ஒப்புக்கொண்டவர்களைக் கரையிலிருந்து ஏற்றி வருவார்கள். உள்ளே ரத்தம் எடுப்பார்கள். குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்து எலும்பின் திண்மையைப் பார்ப்பார்கள். கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். கூடவே ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்பார்: வீட்டில் எத்தனை பேர், போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள், மனம் எப்படி இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது.

ஊருக்கு எதிரே கப்பல் வந்து நிற்பதும் உள்ளே பரிசோதனை நடப்பதும் அங்கே மூத்தவர்களுக்குப் பழைய செய்தி. 1950 முதல் சி. டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கிழக்கு ஆர்க்டிக் கரையோரம் வந்து காசநோய்க்காக எக்ஸ்ரே எடுத்தது. படத்தில் நிழல் தெரிந்தவர்கள் பலரைக் கரைக்குத் திரும்ப விடாமல், பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடாமல், தெற்கே சானடோரியங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1956இல் இனுயிட் மக்களில் ஏறத்தாழ 7 பேருக்கு ஒருவர் தெற்கில் சிகிச்சையில் இருந்தார். அங்கே இறந்தவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கனடாவின் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச்சில். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அமுண்ட்சென்னில் ஏறி, உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் ஏறினார்கள் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இனி பதில்களுக்கு வருவோம். கல்வி, வேலை, வருமானம் மூன்றும் நல்ல சுயமதிப்பீட்டோடு சேர்ந்து வருகின்றன. நாள்பட்ட நோய் உள்ளவர்கள் தங்களைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். உலகில் எங்கே கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் இவை. அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த மண்ணுக்கே உரிய விடைகள் வீட்டிலும் சமையலறையிலும் உறவிலும் இருக்கின்றன.

முதலில் வீடு. இனுயிட் நுனங்காட்டில் பாதிக்கும் மேற்பட்ட இனுயிட்டுகள், 2021 கணக்கெடுப்பின்படி 52.9 விழுக்காட்டினர், இடநெருக்கடியான வீடுகளில் இருக்கிறார்கள். உறைமண் மேல் கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய பலகை வீடுகள். பெரும்பாலும் அரசின் வாடகை வீடுகள். ஆர்க்டிக்கின் பெரும்பாலான ஊர்களில் மண்ணுக்கடியில் குழாய் போட முடியாது. லாரி வந்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். இன்னொரு லாரி வந்து கழிவுத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். பனிப்புயலில் லாரி வராவிட்டால், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இருக்கும் தண்ணீரில்தான் ஓட்ட வேண்டும். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கையில் கூடத்து சோபா ஒருவருக்குப் படுக்கை, அதன் எதிரே தரையில் இன்னொருவருக்கு மெத்தை. இரவு வேலை முடிந்து வருபவர், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை எழுந்து காலியான இடத்தில் படுக்கிறார். வெளியே மைனஸ் 35 டிகிரி. சன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஒருவருடைய இருமல் எல்லோருடைய மூச்சிலும் கலக்கிறது. பூர்வகுடியல்லாத, கனடாவில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் இனுயிட்டுகளிடையே காசநோய் ஏறக்குறைய 300 மடங்கு என்ற கணக்கு 2010களில் வந்தது. குணப்படுத்தவும் தடுக்கவும் கூடிய ஒரு நோய்க்கு, உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், இப்படி ஒரு எண். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆறுவதில்லை.

கிருமி மட்டும் வீட்டின் வழியாக உடலுக்குள் வருவதில்லை. மிலேன் ரிவாவும் சக ஆய்வாளர்களும் 2004ஆம் ஆண்டு நுனாவிக் ஆய்வின் தரவுகளை எடுத்து, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, அழற்சிக் குறிகள் போன்றவற்றைச் சேர்த்து, நீண்டகால மன உளைச்சல் உடலில் விட்டுச்சென்ற தேய்மானத்தை ஒரே அளவாகக் கணக்கிட்டார்கள். நெருக்கடியான வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தேய்மானம் அதிகம். தனியாக உட்கார்ந்து அழ இடமில்லாதது, சண்டை வந்தால் எழுந்து போக அறை இல்லாதது, ரத்தத்தில் பதிவாகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். வீடு மோசம் என்பதால் உடம்பு கெட்டதா, உடம்பு கெட்டு வேலை போனதால் மோசமான வீட்டில் அகப்பட்டார்களா? ஒருமுறை மட்டும் கேட்கும் ஆய்வு இதைப் பிரித்துச் சொல்லாது. அதற்கு ரிவாவின் குழு வேறொரு வழியில் போனது. 2014-15இல் நுனாவிக்கிலும் நுனாவுட்டிலும் அரசு புதிய வீடுகளைக் கட்டியது. வீடு கிடைக்கப் போகிறவர்களைக் குடிபோகும் முன்பே சந்தித்தார்கள். குடிபோய் ஒன்றேகால் ஆண்டுக்குப் பிறகு அதே ஆட்களை மீண்டும் சந்தித்தார்கள். மன உளைச்சல் குறைந்திருந்தது; தன் வீடு தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு கூடியிருந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை, அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அறை கொடுத்தார்கள். இந்த நூலுக்காக நான் படித்த ஆய்வுகளில், அரசு நிதி ஒதுக்கும் மேசையில் எதை வைக்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து உணவு. 2007-08 ஆய்வில் பங்கேற்ற வீடுகளில் 10க்கு 6க்கும் மேல் உணவுப் பாதுகாப்பு இல்லாதவை. காசு இல்லாமல் ஒரு வேளையைக் குறைத்தீர்களா, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா என்று படிப்படியாகக் கேட்டு அளக்கும் அளவு அது. அதே காலத்தில் கனடா முழுமைக்கும் அந்த விகிதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே. எல்லாச் சமூகங்களிலும் போலவே அங்கேயும் முதலில் தன் தட்டைக் குறைப்பது பெரியவர்கள்; பிள்ளைகள் தட்டில் கை வைப்பது கடைசியில். ஆகவே பெரியவர்களின் பதிலில் 'சுமார்', 'மோசம்' என்று வரும்போது அதில் அரைவயிற்று நாட்களும் சேர்ந்திருக்கின்றன. உணவுக் கவலை உள்ளவர்கள் தங்கள் உடல்நலத்தைக் குறைத்து மதிப்பிடுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

கடலும் நிலமும் நிறைய உணவு வைத்திருக்கும் ஊரில் ஏன் பசி என்று தோன்றலாம். சீல், கரிபூ மான், பெலுகா திமிங்கிலம், ஆர்க்டிக் சார் மீன் என்று வேட்டை உணவு இன்றும் உயிரோடு இருக்கிறது. அட்டைப்பெட்டியை விரித்துத் தரையில் போட்டு, அதன் மேல் சீலைக் கிடத்தி, பிறை வடிவ உலு கத்தியால் பெண்கள் வகிர்ந்து பங்கு போடுவார்கள்; சுற்றிலும் உட்கார்ந்து அப்படியே சாப்பிடுவார்கள்; அடுத்த வீட்டுக்கும் அத்தைக்கும் பங்கு போகும். ஈரலில் இரும்பும் வைட்டமின் ஏயும், பெலுகா தோலில் வைட்டமின் சியும் இருக்கின்றன. கடையில் இருக்கும் சிப்ஸும் சோடாவும் இவற்றில் எதையும் தருவதில்லை. ஆனால் வேட்டைக்குப் போக ஸ்நோமொபைல் வேண்டும், பெட்ரோல் வேண்டும், தோட்டா வேண்டும். சம்பள வேலையில் இருப்பவரிடம் காசு இருக்கிறது, வேட்டைக்கு நாள் இல்லை. வேலை இல்லாதவரிடம் நாள் இருக்கிறது, பெட்ரோலுக்குக் காசு இல்லை. பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் உடைகிற இந்தக் காலத்தில் வழக்கமான பாதைகளும் ஆபத்தாகிவிட்டன. போதாததற்கு, தெற்கின் ஆலைகளிலும் வயல்களிலும் கிளம்பிய நச்சு வேதிப்பொருட்கள் காற்றிலும் கடலோட்டத்திலும் வடக்கே சேர்ந்து சீல், திமிங்கிலக் கொழுப்பில் தங்கின. 1980களின் பிற்பகுதியில் நுனாவிக் தாய்மார்களின் பாலில் அவை கண்டுபிடிக்கப்பட்டது, இத்தகைய நச்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வரை உலகத்தைத் தள்ளிய காரணங்களில் ஒன்று. அந்த வேதிப்பொருட்களை உற்பத்தி செய்யாத மக்களின் தட்டில் அவை வந்து சேர்ந்தன.

மூன்றாவது உறவு. சாண்டெல் ரிச்மண்ட், தானும் அனிஷினாபே பூர்வகுடியைச் சேர்ந்தவர், 2001ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இம்மக்களைப் பற்றிய ஆய்வுகள் எப்போதும் யாருக்கு நோய் என்று எண்ணுகின்றன. தங்கள் உடல்நலம் 'மிகச் சிறப்பு', 'மிக நன்று' என்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்றார். மனம்விட்டுப் பேச ஆள், கஷ்டத்தில் கைகொடுக்க ஆள், சேர்ந்து சிரிக்க ஆள் இருப்பது நல்ல சுயமதிப்பீட்டோடு சேர்ந்து வந்தது.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஊர்களில் பணிபுரியும் சுகாதாரப் பணியாளர்களிடம் பேசியபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. புகை பிடிப்பதும் குடிப்பதும்கூட அந்த உறவுகளுக்குள்தான் நடக்கின்றன. விட நினைப்பவர் கூட்டத்திலிருந்தே விலக வேண்டியிருக்கிறது. இனுயிட் பெரியவர்களில் பெரும்பான்மையோர் புகை பிடிக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. நுரையீரல் புற்றுநோயில் அதன் விலை தெரிகிறது. இருந்தும், சிகரெட்டை முதல் காரணியாக எழுதி வீட்டை அடிக்குறிப்பில் தள்ளும் அறிக்கைகளை நான் ஏற்கவில்லை. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில், தற்கொலையில் ஒரு தம்பியைப் பறிகொடுத்த ஒருவரிடம் சிகரெட்டை விடு என்று சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. இனுயிட் பகுதிகளில் தற்கொலை விகிதம் கனடாவின் சராசரியைப் போல 5 முதல் 25 மடங்கு. அநேகமாக இழப்பைக் காணாத குடும்பம் இல்லை.

நலம் என்று அவர்களே எதைச் சொல்கிறார்கள்? மைக்கேல் க்ரால் தலைமையில் ஆய்வாளர்கள் இக்லூலிக், கிக்கிக்தார்ஜுவாக் என்ற இரண்டு நுனாவுட் ஊர்களில் 14 வயது முதல் 94 வயது வரையான 50 பேரிடம் நீண்ட உரையாடல்கள் நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். நலமாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டதற்கு மூன்று விஷயங்கள் ஓங்கி நின்றன: குடும்பம், ஒருவரோடொருவர் பேசுவது, மூதாதையர் அறிவும் அதன்படி வாழ்வதும். நிலத்துக்குப் போவது, கூடாரம் அடித்துத் தங்குவது, பெரியவர்களிடம் கற்றுக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். மூன்றுமே 1950கள் முதல் திட்டமிட்டு வெட்டப்பட்டவை. பிள்ளைகளைத் தாய்மொழி பேசவிடாத உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சிதறி வாழ்ந்த குடும்பங்களை ஊர்களில் குடியமர்த்தினார்கள். 1953இல் இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து பல குடும்பங்களை இன்னும் வடக்கே, பழக்கமில்லாத இருட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஐந்து தெரிவுகள் கொண்ட ஒரு கேள்வி இவ்வளவையும் தாங்காது. ஆனாலும் பதிலில் அது கசிகிறது.

மருத்துவச் சேவையையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு வாரக்கணக்கில் முன்பே பெண்களை விமானத்தில் தெற்கே அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் தொடர்கிறது. நுனாவிக்கின் புவிர்னிடுக் ஊர்ப் பெண்கள் இதை எதிர்த்து நின்று, 1986இல் தங்கள் ஊரிலேயே பிரசவ நிலையம் தொடங்க வைத்தார்கள். உள்ளூர் இனுயிட் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெற்றார்கள். அங்கே பிறப்புகள் பாதுகாப்பாகவே நடந்துவருகின்றன. பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் உரிமையும் கை மாறி வருகிறது. இனுயிட் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனதாமி 2014இல் நலத்தைத் தீர்மானிக்கும் 11 சமூகக் காரணிகளைத் தானே பட்டியலிட்டது; பண்பாடும் மொழியும் அதில் வருமானத்தோடும் வீட்டோடும் சம இடத்தில் இருக்கின்றன. 2018ஆம் ஆண்டு கனடா வரவுசெலவுத் திட்டம், இனுயிட்டுகளே வடிவமைத்து, இனுயிட்டுகளே நடத்தி, தரவையும் தங்களிடமே வைத்துக்கொள்ளும் நிரந்தர உடல்நல ஆய்வுக்கு 10 ஆண்டுகளில் 82 மில்லியன் டாலர் ஒதுக்கியது. நான்கு பகுதிகளிலும் நடக்கும், திரும்பத் திரும்ப நடத்தத் திட்டமிட்ட ஆய்வு அது. ஓர் ஊரில் 20 வீடுகள் புதிதாக எழுந்தால், வேட்டைக்காரர்களுக்கு மானியம் கூடினால், தாய்மொழிப் பள்ளி திறந்தால், அதற்கடுத்த சுற்றில் அந்த ஊர்க்காரர்கள் 'சுமார்' என்பதிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறார்கள் என்று இனி அவர்களே அளந்து பார்க்கலாம்.